"இன்னும் மெனேஜர் ஆகல்லையா?"



மாப்பிள்ளை மென்பொருள் பொறியியலாளர் என்றால், கல்யாணப் பேச்சில் நாம் உடனே கேட்பது இதைத்தான். கீழே நாலு பேர் இல்லாவிட்டால் அவர் முன்னேறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளில் ஏணி இரண்டு. ஒன்று ஆட்களை நிர்வகிப்பது. மற்றது தொழில்நுட்பம்: சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று ஏறும். சமமான படிக்குச் சம்பளமும் ஏறக்குறைய சமம். ஐபிஎம் 1960களிலேயே தொழில்நுட்ப ஏணியின் உச்சியில் 'ஃபெலோ' பதவியை வைத்தது. 2004இல் மேப்ரெடியூஸ் ஆய்வுக் கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவரான சஞ்சய் கெமாவத், கூகுளில் சீனியர் ஃபெலோ. அவரை அங்கே ஏற்றியது அவர் கட்டிய மென்பொருள்.

இந்த ஏணி லேசானதல்ல. பல குழுக்களைத் தடுக்கும் சிக்கலைத் தீர்க்க வேண்டும், அதை எழுத்தில் விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தெளிவாக எழுதப் பழக்காமல் பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றவாளிகள்தான்.

ஊர் வாய்க்குப் பயந்து மெனேஜராகும் பிள்ளை, பிடித்த வேலையையும் இழக்கிறான். அவன் கீழே இருப்பவர்களும் கஷ்டப்படுகிறார்கள். இனி இப்படிக் கேட்போம்: "மகன், நீங்க என்ன செஞ்சிருக்கீங்க?"