ஷாங்காய்: அண்ணாந்து பார்க்காமல்

ஷாங்காய் செல்லவிருக்கும் நண்பர்கள், அங்கே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் கேட்பதுண்டு. கேட்பவர்களில் பெரும்பாலோர் விடையையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் கோபுரம், காந்த விசையில் மிதந்தோடும் ரயில், இரவில் வண்ண விளக்குகளோடு மினுங்கும் புதோங் கரை. பார்க்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? ஆனால் அவற்றைக் காட்ட யாருடைய துணையும் தேவையில்லை; ஆற்றங்கரையில் எங்கே நின்றாலும் அவையே கண்ணில் வந்து விழும். 2000-களில் மும்பையை ஷாங்காய் ஆக்கிக் காட்டுவோம் என்று நம் அரசியல்வாதிகள் முழங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்ததும் இந்தச் சித்திரம்தான். இலக்கிய வாசகர்களாவது வேறொரு ஷாங்காயைக் கண்டு வர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எல்லோரும் முதலில் போய் நிற்கும் ‘பண்ட்’ கரையிலிருந்தே தொடங்கலாம். ‘பண்ட்’ என்பது சீனச் சொல் அல்ல; கரை, அணை என்று பொருள்படும் பாரசீகச் சொல், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் நாவில் ஏறிச் சீனத் துறைமுகத்தில் போய் இறங்கியது. சொல் மட்டுமா போயிற்று? 1842-இல் நான்கிங் உடன்படிக்கை வழியே சீனத் துறைமுகங்களைத் திறக்கவைத்த அபினி, இந்திய மண்ணில் விளைந்தது. கரையோரம் பச்சைக் கூம்புக் கூரையோடு நிற்கும் விடுதிக் கட்டடம் (1929) சசூன் குடும்பத்தாருடையது. பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் வேரூன்றி, அபினி வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம் அது. சற்றுத் தள்ளி, 1923-இல் எழுந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கிக் கட்டடத்தின் குவிமாடத்துக்கு அடியில் எட்டு மாநகரங்கள் வண்ணச் சில்லுகளால் தீட்டப்பட்டுள்ளன. லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ ஆகியவற்றோடு கல்கத்தாவும் அங்கே இருக்கிறது. 1950-களில் மூடி மறைக்கப்பட்ட ஓவியங்கள் 1990-களில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது மீண்டும் வெளிப்பட்டன. இன்று அங்கே வேறொரு வங்கி இயங்குகிறது. அண்ணாந்து பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இந்தக் கூரையைப் பார்க்கட்டும்.

தாகூர் ஷாங்காய்க்கு வந்ததைச் சொல்லிப் பெருமைப்படுவதும், 2010-இல் வைக்கப்பட்ட அவரது சிலையருகே படம் எடுத்துக்கொள்வதும் நம்மவர்கள் வழக்கம். தவறில்லை. ஆனால் அதே தாகூர், 1881-இல், இருபது வயதில், சீனாவுடனான அபினி வணிகத்தை மரண வணிகம் என்று கண்டித்து எழுதியதை யாரும் சொல்வதில்லை. உறவின் அந்தப் பாதியையும் தெரிந்துகொண்டு போவதே நேர்மை என்று நினைக்கிறோம்.

நான்ஜிங் சாலையில் கடைகளின் வெளிச்சத்துக்கிடையே நடக்கையில் 1925 மே 30-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஆலையொன்றில் சீனத் தொழிலாளி கொல்லப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள்மீதும் மக்கள்மீதும் இச்சாலையில்தான் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆணையிட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி. சுட்டவர்கள் சீக்கியக் காவலர்களும் சீனக் காவலர்களும். செந்தலைப்பாகைக் காவலர்களுக்கு ஷாங்காய் மக்கள் சூட்டிய ஏளனப் பெயர் இன்றும் அந்நகரப் பேச்சில் மறையவில்லை. மக்கள் பூங்காவின் அருகே அந்நாளுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

இனி, எங்கள் பரிந்துரையின் மையம். ஒரு முழு நாளை வடக்கே உள்ள ஹோங்கோவ் பகுதிக்கு ஒதுக்குங்கள். ஹோங்கோவ் கால்பந்து அரங்க நிலையத்தில் இறங்கினால் லூ சுன் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. லூ சுன் 1927 அக்டோபரில் ஷாங்காய்க்கு வந்து, 1936 அக்டோபர் 19 அன்று மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். பூங்காவில் அவர் சமாதியும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. சமாதி எழுத்துகள் மாவோவின் கையெழுத்தில் செதுக்கப்பட்டவை. இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு எழுதிய கட்டுரையில், விரைவில் புதைத்துவிடுங்கள், நினைவு நிகழ்ச்சி ஏதும் வேண்டாம், என்னை மறந்து உங்கள் வாழ்வைப் பாருங்கள் என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போனவர் அவர். 1956-இல் அவர் உடலை வேறொரு கல்லறையிலிருந்து எடுத்துவந்து, இத்தனை பெரிய சமாதியில் வைத்தார்கள். எழுத்தாளன் சொல் கேட்கும் அரசு எந்த நாட்டில்தான் இருக்கிறது?

ஆகவே சமாதியில் அதிக நேரம் செலவிடாமல், பத்து நிமிட நடையில் ஷான்யின் சாலைக்குப் போய்விடுங்கள். சந்துக்குள் வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்பதாம் எண் வீடு அவருடையது. 1933 முதல் அங்கே இருந்தார். பக்கத்து வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று மூங்கில் கழிகளில் துணி உலர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூதாட்டி வாசலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுத்தாளர் வீட்டைத் தேடி வருபவர்களை அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். கேட்கும் முன்னரே கையை நீட்டி வழி காட்டினார். உள்ளே எழுதும் மேசையும் கட்டிலும் ஒரே அறையில். அவ்வளவு சிறிய அறையிலிருந்தா அத்தனை கடுமையான கட்டுரைகள் வந்தன என்று எங்களில் ஒருவர் கேட்டார். சிறிய அறையாதலால்தான் என்றார் இன்னொருவர். தர்க்கம் திரும்பும் வழியெல்லாம் நீண்டது.

இப்பகுதியின் சிக்கலை லூ சுன் ஒரே சொல்லில் பிடித்திருக்கிறார். அந்நியர் ஆட்சிப் பகுதியின் எல்லைக்கு வெளியே, ஆனால் அவர்கள் போட்ட சாலையோரம் அமைந்த அரைகுறை அந்நியப் பகுதி அது. அந்நியர் குத்தகைப் பகுதி என்பதைக் குறிக்கும் இரு சீன எழுத்துகளையும் பாதியாக வெட்டி, மிஞ்சிய பாதிகளைச் சேர்த்துத் தம் கட்டுரைத் தொகுதிக்குப் பெயராக வைத்தார். அந்தச் சந்தில் நின்று இதை நினைத்துப் பார்த்தால் எழுத்தும் ஊரும் ஒன்றாகிவிடும்.

அருகிலேயே துவோலுன் சாலை. இதையொட்டிய கட்டடமொன்றில்தான் 1930 மார்ச் 2 அன்று இடதுசாரி எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. அச்சங்கத்தைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் ஐவர் 1931 பிப்ரவரி 7 அன்று லோங்ஹுவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ரோவ் ஷி லூ சுன்னுக்கு நெருக்கமானவர். அஞ்சலி எழுத வழியில்லாத சூழலில், கேத்தே கோல்விட்ஸின் மரச்செதுக்கு ஓவியமொன்றை, குழந்தையைப் பலியாகத் தூக்கிக் கொடுக்கும் தாயின் படத்தை, ஓர் இதழில் வெளியிடச் செய்தார் லூ சுன். இன்று துவோலுன் சாலை வெண்கலச் சிலைகளும் தேநீர்க் கடைகளுமாகச் சற்று அலங்காரமாகவே இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேரமிருந்தால் பழைய பிரெஞ்சுப் பகுதியில் சியாங்ஷான் சாலையிலுள்ள சுன் யாட்-சென் இல்லம். 1933 பிப்ரவரியில் பெர்னார்ட் ஷா அங்கே விருந்துண்டார். தோட்டத்தில் எடுத்த படத்தில் சூங் சிங்லிங், லூ சுன், லின் யூடாங், ஹரால்ட் ஐசக்ஸ் உள்ளிட்ட எழுவர் நிற்கிறார்கள். பின்னாளில் மாவோ காலத்தில் அச்சான படத்தில் லின்னும் ஐசக்ஸும் காணாமல் போனார்கள். சாங்தே சாலையில் ஐலீன் சாங் வாழ்ந்த அடுக்ககத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். மக்கள் குடியிருக்கும் வீடுகள், உள்ளே போகக் கூடாது. பழைய கல்வாசல் வீடுகளைக் கடைவீதியாக மாற்றிய சின்தியாந்தியை எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 1921 முதல் மாநாடு கூடிய வீடு அதன் ஓரத்திலேயே இருப்பதால் ஒருமுறை கடந்து போகலாம்.

சில நடைமுறைச் செய்திகள். கூகுளை நம்பிப் போகாதீர்கள். போக வேண்டிய இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தைவிடக் கைபேசிக் கட்டணமே எங்கும் செல்லுபடி. அலிபேயில் வெளிநாட்டு அட்டையை முன்னதாகவே இணைத்துவிடுங்கள். கடவுச்சீட்டை அறையில் விட்டுச் செல்ல வேண்டாம், நுழைவிடங்கள் பலவற்றில் கேட்பார்கள். சைவ உணவுக்காரர்கள் 1922 முதல் நடந்துவரும் கோங்தேலின் உணவகத்தைத் தேடிப் போகலாம். ஜூன் நடுவில் தொடங்கும் மழையையும், ஊரே பயணத்தில் இறங்கும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் பிற்பகுதி உத்தமம். லூ சுன் மறைந்த நாளும் அப்போது வருகிறது. திங்கட்கிழமை மட்டும் ஹோங்கோவுக்குப் போகாதீர்கள். முதல் முறை நாங்கள் அப்படித்தான் போய், அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பூங்காவில் முதியவர்கள் கூடிப் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினோம்.