உடைந்த கிரேயானும் ஓர் ஆய்வுக்கூடமே



உங்கள் தம்பி தங்கையரின் பெட்டியில் உடைந்த கிரேயான் துண்டுகள் கிடக்கின்றனவா? எறிந்துவிடாதீர்கள். உருக்கிப் புதுக் கிரேயான் வார்க்கலாம். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

கல்லூரியில் என்னிடம் வரும் மாணவர்கள் உள்ளுறை வெப்பத்தின் வரையறையைப் பிழையின்றி எழுதுகிறார்கள். "வார்த்த மெழுகின் நடுவில் ஏன் குழி விழுகிறது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை! குறை அவர்களுடையது அன்று. செய்து பார்க்க விடாத நம் கற்பிக்கும் முறையினுடையது.

ஆகவே, வரும் விடுமுறையில் நீங்களே செய்து பாருங்கள். தாளை உரித்து, நிறவாரியாகப் பிரிப்பது சிறுவர் வேலை. உருக்கும்போது பெரியவர் ஒருவர் அவசியம் உடனிருக்க வேண்டும். துண்டுகளைப் பழைய தகரக் குவளையில் இட்டு, அக்குவளையைக் கொதிநீரில் வையுங்கள். திறந்த பாத்திரத்து நீர் சுமார் 100° செல்சியஸுக்கு மேல் சூடேறாது. மெழுகு உருக அதற்கும் குறைந்த வெப்பநிலையே போதும். நேராக அடுப்பில் வைத்தால் அந்த வரம்பு இல்லை. மெழுகின் ஆவி தீப்பற்றக்கூடும்.

உருகிய மெழுகில் அதே கிரேயான் துண்டு ஒன்றைப் போடுங்கள். மூழ்கும். பனிக்கட்டியோ நீரில் மிதக்கிறது! உறையும்போது நீர் விரிகிறது, மெழுகு சுருங்குகிறது. கிண்ணத்தில் ஊற்றிய மெழுகு ஓரத்தில் முதலில் இறுகும். நடுப்பகுதி பின்னர் உறைந்து சுருங்குவதால் குழி விழும்.

"ஏன் இந்தக் குழி?" என்று தங்கை கேட்டால் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று வார்த்துக் காட்டுங்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.