காந்திப் படம் எங்கே?

காந்தியடிகளைப் பற்றி முழு நீளச் செய்திப்படம் எடுத்தவர் ஒரு தமிழர்! அவர் பெயர் ஏ. கே. செட்டியார். காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர், பத்திரிகையாளர்.

1937-இல் நியூயார்க்கிலிருந்து கப்பலில் போகும்போது இந்த எண்ணம் அவருக்கு உதித்தது. பல நாடுகளுக்கு அலைந்தார். பலர் எடுத்து வைத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 1940-இல் தமிழ் விளக்கத்துடன் சென்னையில் படம் வெளியாயிற்று.

வெள்ளையர் அரசு பறித்துக்கொள்ளுமோ என்ற அச்சம்! படச்சுருள்கள் மறைத்து வைக்கப்பட்டன. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலப் படமாக வந்தது.

இந்த நூற்றாண்டில் ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியபோது கிடைத்தது அந்த ஆங்கிலப் படம்தான். அதுவும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில்!

காரணம் என்ன? படம் எடுக்க ஒருவர் துணிந்தால் போதும். அதைக் காக்க ஓர் இடம் வேண்டும். புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-இல். செட்டியார் படம் வெளியாகி 24 ஆண்டு கழித்து!

இன்று எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. காப்பவர்தான் குறைவு. தளவாய்புரத்து வீட்டுப் பெட்டியிலும் தாத்தா பேசும் பழைய கேசட் கிடக்கலாம். பூஞ்சை பிடிக்குமுன் பிரதி எடுத்து வையுங்கள்.