புகையின் பாஷை

மனிதனுக்கு ஜுரம் வந்தால் வைத்தியர் முதலில் நாடியைப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். எப்போது ஆரம்பித்தது, இரவில் அதிகமா, பகலில் அதிகமா என்று விசாரிக்கிறார். அதற்குப் பிறகுதான் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார். வீட்டு டீஸல் வண்டிக்கு உடம்பு சரியில்லாமற் போனால் மட்டும் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. கிளம்பினாலோ உடம்பெல்லாம் உதறுகிறது. எதிர் வீடு மறையும்படி புகையைக் கக்குகிறது. பட்டறைக்குக் கொண்டு போகிறோம். "பம்பு போய்விட்டது, ஸார்!" என்று தீர்ப்புக் கிடைக்கிறது. பம்பை மாற்றுகிறோம், பணப்பை இளைக்கிறது. மறுநாள் காலையில் வண்டி பழையபடியே உதறுகிறது!

பட்டறைக்காரர்கள் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டி அவர்களிடம் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடேறிவிடுகிறது. காலை நேரத்து உபத்திரவம் மறைந்துவிடுகிறது. வலி இல்லாத சமயத்தில் நோயாளி போய் நின்றால் வைத்தியர்தான் என்ன செய்வார்? குளிர்ந்த எஞ்சின் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட சாட்சி வண்டியின் சொந்தக்காரர் ஒருவரே. அந்தச் சாட்சி வாயைத் திறந்து ஒழுங்காகச் சொன்னால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான். அதற்கு மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. புகையின் பாஷை கொஞ்சம் தெரிந்தால் போதும்.

பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்கு மின்சாரப் பொறி இருக்கிறது. டீஸல் எஞ்சினில் அது கிடையாது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீஸல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் மிகவும் எளியது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே சங்கதிதான். சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பதினைந்து இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அந்தச் சமயத்தில் டீஸலை மெல்லிய தூவானமாகத் தெளித்தால் அது தானே பற்றிக்கொள்கிறது. ஆக, வேண்டியவை மூன்று: போதிய உஷ்ணம், போதிய காற்று, சரியான நேரத்தில் சரியான அளவு எண்ணெய். டீஸல் வண்டி கிளம்புவதற்கு மறுப்பதும் புகைவதும் இந்த மூன்றில் ஒன்று குறைவதனாலோ மிகுவதனாலோதான்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, செல்ப் அடிக்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது. முக்கி முனகிக்கொண்டு சுற்றினால், நெருக்கிய காற்றின் சூடு சிலிண்டர்ச் சுவர் வழியே கசிந்து போய்விடும், எண்ணெய் பற்றாது. இதற்குப் பம்பு என்ன பாவம் செய்தது? பாட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் பாட்டரி ஓய்ந்திருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பாட்டரி முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலும், எர்த் கம்பி தளர்ந்திருந்தாலும் இதே கதிதான்.

எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்ஸரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லையா? டீஸல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. டாங்கி, வடிகட்டி, குழாய்கள் என்று வரிசையாகத் தேட வேண்டும். வெண்புகை வருகிறதா? அப்படியானால் டீஸல் போகிறது, ஆனால் எரியவில்லை. இங்கேதான் ஹீட்டர் பிளக்கின் நினைவு வர வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் முகப்பில் சுருள் கம்பிபோல் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது இந்தப் பிளக்குகள் காய்ந்துகொண்டிருப்பதற்கு அடையாளம். அந்த விளக்கு அணையும் வரையில் பொறுக்காமல் செல்ப் அடிப்பவர்கள் வண்டியைக் குறை கூறுவதற்கில்லை. நாலு பிளக்கில் ஒன்று செத்துவிட்டால், வண்டி மூன்று காலில் நிற்கும் குதிரையைப்போல் ஒரு நிமிஷம் உதறி, சூடேறியதும் சமாதானமாகிவிடும். சென்னை வெயிலில் இது தெரியாமலே போகலாம். உதகமண்டலத்திற்குப் போன முதல் நாள் காலையில் குட்டு வெளிப்பட்டுவிடும். கம்பியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால், சாதாரணமான பிளக் ஓர் ஓம் அளவோ அதற்குக் குறைவோ காட்டும். செத்த பிளக்கில் மின்சாரமே ஓடாது.

இன்னொரு வகை உண்டு. பகலெல்லாம் தொட்டவுடன் கிளம்பும் வண்டி, இராத்திரி நின்ற பிறகு காலையில் மட்டும் நெடுநேரம் அடம் பிடிக்கிறது. அல்லது கிளம்பி இரண்டு வினாடியில் நின்றுவிடுகிறது. வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை நாலு தடவை அமுக்கிவிட்டு அடித்தால் உடனே பற்றிக்கொள்கிறது. இது எங்கேயோ காற்று நுழைவதற்கு அடையாளம். இரவில் டீஸல் மெல்லப் பின்வாங்கி டாங்கிக்கே திரும்பிவிடுகிறது. டாங்கிக்குள் பம்பு இல்லாத பழைய வண்டிகளில் அந்தக் குழாய் எண்ணெயை உறிஞ்சும் குழாய்; ஆகையால் ஓட்டை இருந்தாலும் டீஸல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். தரையில் ஈரமில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று முடிவு கட்டிவிடுவது பெருந்தவறு. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் கண்ணாடிபோலத் தெரியும் குழாயைப் பொருத்திப் பார்த்தால், குமிழிகள் ஓடுவது கண்கூடாகத் தெரியும். பிறகு வேண்டியது சில ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வாஷராக இருக்கலாம். இதற்குப் பலியாகும் பம்புகள் எத்தனையோ!

காலையில் ஒழுங்காகக் கிளம்பி, சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும் காமன் ரெயில் வண்டிகளும் உண்டு. இவற்றில் இன்ஜெக்டர் தேய்ந்து, அழுத்தம் சேருவதற்குள் டீஸல் திரும்பி ஓடிவிடுவது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் ஒரு சிறு புட்டியைக் கட்டிப் பார்த்தால், எந்தப் புட்டி மற்றவற்றைவிட மிகுதியாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. நாலையும் மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது சொந்தக்காரரின் உரிமை.

இனிப் புகையின் நிறத்தைப் பார்ப்போம். கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம், காற்றுக் குறைவு. காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் குழாய் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டர் தூவானமாகத் தெளிக்காமல் ஒழுகிக்கொண்டிருக்கலாம். மலிவான வடிகட்டியிலிருந்து தொடங்குவதே விவேகம்.

வெண்புகையில் இரண்டு ஜாதி உண்டு. கண்ணை எரித்து, டீஸல் நாற்றமடித்து, காற்றில் தொங்குவது எரியாத எண்ணெய். வண்டி சூடான பிறகும் விடாமல் வந்து, இனித்த வாடை வீசி, ரேடியேட்டர்த் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால், அது தண்ணீர் சிலிண்டருக்குள் கசிவதைக் காட்டுகிறது. ஹெட் காஸ்கெட்டைக் கவனிக்க வேண்டும். அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டினால் எஞ்சினையே இழக்க நேரிடும்.

நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைச் சொல்கிறது. கிளம்பும்போது ஒரு குபீர், பிறகு ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் வால்வு ஸீல். ஓயாமல் வருவதுடன், ஆயில் மூடியைத் திறந்தால் அங்கேயும் புகை குபுகுபுவென்று வந்தால், மெக்கானிக்குகள் 'பாக் கம்ப்ரஷன்' என்கிறார்களே, அது, ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. டர்போவின் ஸீல் போனாலும் நீலப்புகை வரும். இதை அலட்சியம் செய்யலாகாது. டர்போ வழியாக ஆயில் ஏராளமாக உள்ளே போனால், எஞ்சின் அந்த ஆயிலையே தின்றுகொண்டு, சாவியை எடுத்த பிறகும் வெறி பிடித்து ஓடும் அபாயம் உண்டு.

நிற்க. சில எச்சரிக்கைகள் அவசியம். பழைய எஞ்சினில் ஓடும்போதே குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி நோயைக் கண்டுபிடிப்பது வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் இதைக் கனவிலும் செய்யக் கூடாது. 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் சீக்கிரம் கிளம்புவதற்காக ஈதர் தெளிப்பதும் ஆபத்து. அது அகாலத்தில் வெடிக்கும். கதவு மூடிய ஷெட்டுக்குள் எந்தச் சோதனையும் வேண்டாம்.

'புகைச் சான்றிதழ் இருக்கிறதே, பிறகென்ன கவலை?' என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பரீட்சை எஞ்சினைச் சூடாக்கிய பிறகு நடைபெறுவது. காலைப் புகையை அந்தக் காகிதம் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் போகப் புத்தகப் பையுடன் வண்டிக்குப் பின்னால் நிற்கும் குழந்தைதான் பார்க்கிறது, பார்ப்பதோடு சுவாசிக்கவும் செய்கிறது. டீஸல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே இது பணப்பை சம்பந்தமான விஷயம் மட்டும் அல்ல.

ஒரு வாரத்துக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் வண்டி நின்றது, எத்தனை வினாடி செல்ப் அடித்தது, புகையின் நிறமும் நாற்றமும் என்ன, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, ஆயிலும் தண்ணீரும் எவ்வளவு குறைந்தன என்று குறித்து வையுங்கள். பட்டறைக்குப் போகும்போது அதைக் கையில் கொடுத்து, வண்டியை இரவில் அங்கேயே விட்டுவிடுங்கள். காலையில் முதல் தடவை மெக்கானிக்கே கிளப்பிப் பார்க்கட்டும். ஒரு சமயத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டை மாற்றிக் குணமானால் எது நோய் என்பது கடைசி வரையில் தெரியாது. பம்பு உண்மையிலேயே போய்விட்டது என்று தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு, சாட்சியை விசாரித்த பிறகு வரட்டும்.