பள்ளிக் கால்பந்து நடுவர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்: மாவட்டக் கால்பந்து நடுவர் சங்கத்தார்.

பெறுநர்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்கள்.

பொருள்: குறுவட்ட, வருவாய் மாவட்டக் கால்பந்துப் போட்டிகளில் பணியாற்றும் நடுவர்களின் குறைகள் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டுதோறும் 14, 17, 19 வயதுக்குட்பட்ட மாணவ மாணவியருக்காக நடைபெறும் குறுவட்டப் போட்டிகளில் விசில் ஊதி, வெயிலில் ஓடி, வசை வாங்கி வீடு திரும்பும் எங்கள் சங்கத்தார், இதுகாறும் எந்த அலுவலகத்தின் வாசற்படியையும் மிதித்து யாதொரு சகாயமும் கோரியவர்கள் அல்லர். எனினும், சென்ற பருவத்தில் நேர்ந்த சில அனுபவங்கள், இனியும் வாளாவிருப்பது விளையாட வரும் பிள்ளைகளுக்கே துரோகமாகும் என்ற நிச்சயத்தை எங்களுக்குள் உண்டாக்கிவிட்டபடியால், இவ்விண்ணப்பத்தைத் தங்கள் சமுகத்தில் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

பிள்ளைகளைப் பற்றி எங்களுக்குப் புகார் ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபவுல் கொடுத்தால் பையன் முகத்தைச் சுளிப்பான். அடுத்த நிமிஷம் பந்தின் பின்னே ஓடிவிடுவான். சிறுவர் கோபத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. அந்தக் கோபத்தைப் பத்திரப்படுத்தி, ஆட்டம் முடிந்தபின் சைக்கிள் நிறுத்துமிடம் வரை எங்களைப் பின்தொடர்ந்து வருபவர்கள், கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்களே.

சென்ற பருவத்தில், 17 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றுக்கு, நடுவர் தேர்வில் புதிதாகத் தேறிய கல்லூரி மாணவர் ஒருவர், துணை நடுவர் எவருமின்றித் தன்னந்தனியே அனுப்பப்பட்டார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில், த்ரோ-இன்னில் எறியப்பட்ட பந்தை, எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரையும் தாண்டி நின்ற பையன் வாங்கிக் கோலாக்கினான். த்ரோ-இன்னிலிருந்து பந்தை நேரே பெறுபவனுக்கு ஆஃப்சைடு கிடையாது என்பது ஆட்ட விதிகளில் 11-ஆவது விதி. கோல் கிக்குக்கும் கார்னருக்கும் அவ்வாறே. எங்கள் இளைஞர் கோல் என்று சரியாகவே தீர்ப்பளித்தார். ஆயினும், தோற்கும் தறுவாயிலிருந்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் "ஆஃப்சைடு" என்று கூவிக்கொண்டு மைதானத்துக்குள் பிரவேசிக்க, பெற்றோர் சிலர் அவரைத் தொடர, ஒருவர் கை நடுவரின் சட்டைக் காலருக்கும் வந்துவிட, விதியறிந்தவர் ஒருவரும் அறியாதவர் இருபது பேருமாக நடந்த அந்த விவாதத்தின் முடிவில் கோல் ரத்தாயிற்று. மறுவாரம் அந்த இளைஞர் விசிலையும் அட்டைகளையும் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டார். அடிக்குத் தாம் அஞ்சவில்லை என்றும், சரியென்று தெரிந்த கோலைத் தம் வாயாலேயே இல்லையென்று சொன்னதுதான் உறங்கவிடவில்லை என்றும் சொன்னார். மும்முறை வீடு சென்று அழைத்தோம், வரவில்லை.

நடுவர்கள் பிழையே செய்யாதவர்கள் என்று நாங்கள் சாதிக்கவில்லை. பிழை செய்கிறோம்; ஆட்டத்தில் நிகழ்ந்தது இன்னது என்பதில் நடுவர் தீர்ப்பே முடிவானது என்று 5-ஆவது விதி கூறுவதும், மனிதர் பிழை செய்வர் என்பதை அறிந்தே. எங்கள் கையிலுள்ள அட்டைகளும் ஒரு குழப்பத்தில் பிறந்தவையே. 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் காலிறுதியில், இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த ஆட்டத்தில் எச்சரிக்கப்பட்டவர் எவர் என்பதே விளங்காமல் குழப்பம் விளைய, சாலைச் சந்திப்பின் சிக்னல் விளக்குகளைக் கண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தவர் ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன். 1970-இல் மெக்சிகோவில் அவை முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்தன. அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதை நம் ஆசிரியப் பெருமக்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதில் எங்களுக்கு ஒரு சிறு சந்தோஷம் உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வட்டைகளைப் பயிற்சியாளருக்கும் காட்டலாம். ஆனால் இன்று எங்களிடம் சிவப்பு அட்டை பெற்றவர் அடுத்த வாரம் அதே போட்டியின் அமைப்பாளராக எதிரே அமர்ந்திருந்தால், எந்த நடுவருக்குத்தான் சட்டைப் பைக்குள் கை போகும்?

ஆகவே, ஓர் ஆட்டத்துக்கு நடுவரோடு துணை நடுவர் இருவரும் கட்டாயம் நியமிக்கப்பட வேண்டும். முதற்பருவ நடுவர் எவரும் அனுபவஸ்தர் ஒருவரின்றி அனுப்பப்படலாகாது. தம் பள்ளி பங்கேற்கும் போட்டியில் எந்த ஆசிரியரும் நடுவராக நிற்கலாகாது. அவர் எவ்வளவு நேர்மையுள்ளவராயினும், பட்சபாதம் என்ற அபவாதத்திலிருந்து அவரைக் காப்பதற்கும் இதுவே வழி. பெற்றோர் நிற்பதற்கு மைதானக் கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டி இடம் வகுக்க வேண்டும். ஆட்டத்துக்குப் பின் நாங்கள் எழுதித் தரும் அறிக்கை, பீரோவில் உறங்காமல், குறிப்பிட்ட காலத்துக்குள் விசாரணைக்கு வர வேண்டும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். கோல் கம்பங்கள் தரையில் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் என்பது 1-ஆவது விதி. செங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்திய கம்பத்தில் இடைவேளையில் சிறுவர்கள் ஊஞ்சலாடுவதைக் கண்டு நாங்கள் பலமுறை ஓடியிருக்கிறோம். நாக் அவுட் ஆட்டங்களை ஒரே நாளில் முடித்துவிடும் அவசரத்தில் உச்சிவெயிலிலும் பிள்ளைகளை ஓடவிடுவதும், தண்ணீர் குடிக்க விதி அனுமதிக்கும் ஒரு நிமிஷத்தையும் மறுப்பதும் நிற்க வேண்டும். மீசை முளைத்த "பதினான்கு வயதினரின்" சான்றிதழைச் சோதிக்கும் பொறுப்பு, விசில் ஊதும் நேரத்தில் எங்கள் தலையில் விழலாகாது. எங்களுக்குரிய படியை அன்றே கையில் தந்துவிட்டால் பஸ்ஸுக்குக் கடன் வாங்க வேண்டியிராது.

இவற்றுக்குப் பிரதியாக, பருவம் தொடங்குமுன் மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர் அனைவருக்கும் ஆட்ட விதிகளைப் பற்றி ஒருநாள் வகுப்பை ஊதியமின்றி நடத்த எங்கள் மூத்த நடுவர்கள் சித்தமாயிருக்கிறார்கள். 11-ஆவது விதிக்கு மாத்திரம் காலைப் பொழுது முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

வரும் பருவத்தின் அட்டவணை வெளியாகுமுன் எங்கள் பிரதிநிதிகள் மூவருக்கு ஒருமணி நேரம் பேட்டி அளித்து, இது விஷயமாகத் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் அங்கத்தினர்கள்,
மாவட்டக் கால்பந்து நடுவர் சங்கம்.