பணமும் பந்தாட்டமும்

பேடல் என்னும் பந்தாட்டம் இன்று ஐரோப்பாவில் பெருந்தொழிலாகிவிட்டது. இருபது மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள களம்; சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும்; பக்கத்துக்கு இருவர். தரையில் குதித்துச் சுவரில் மோதித் திரும்பும் பந்தையும் அடிக்கலாம் என்பதே இதன் விசேஷம். இவ்வாட்டம் ஸ்பெயினிலும் ஸ்வீடனிலும் வளர்ந்த விதத்தை ஒப்பிட்டு நோக்குவோர்க்கு ஓர் உண்மை தெற்றென விளங்கும். பணம் களத்தைக் கட்டும்; ஆட்டக்காரனை உண்டாக்காது.

1969-ல் மெக்ஸிகோவிலுள்ள அகாபுல்கோவில் என்ரிகே கொர்குவேரா என்பவர் தமது வீட்டில் அமைத்த களத்தில் பிறந்தது பேடல். 1974-ல் அது ஸ்பெயின் தேசத்து மார்பெல்லாவுக்கு வந்தது. முதலில் அது செல்வந்தரின் பொழுதுபோக்கே. நாளடைவில் குடியிருப்புகளிலும், சங்கங்களிலும், நகரசபைகளின் விளையாட்டு நிலையங்களிலும் களங்கள் தோன்றவே, சாமானிய ஜனங்களும் மட்டையைக் கையிலெடுத்தனர். 1997-ல் தேசிய சம்மேளனம் ஏற்பட்டது. தொழில்முறைச் சுற்றுப் போட்டி 2005-ல்தான் ஆரம்பமாயிற்று. அர்ஜென்டினாவின் பெலாஸ்தேகின் போன்ற மகா நிபுணர்கள் அங்கு வந்து ஆடினர். ஸ்பானிய இளைஞர் அவர்களுக்கு எதிராக ஆடித் தேர்ந்தனர். 2019-ல் ஹுவான் லெப்ரோன் ஆடவர் தரவரிசையில் முதலிடத்தை எய்தினார். ஆட்டம் நாட்டில் நுழைந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் விளைந்த கனி அது!

ஸ்வீடனின் கதை வேறு. 2020, 2021-ஆம் ஆண்டுகளில், கொரோனா நோய் உலகை வாட்டிய காலத்தில், அங்கே பேடல் மோகம் தீயெனப் பரவிற்று. குளிர் தேசமாகையால் கூரையுள்ள மண்டபங்கள் அவசியமாயின. முதலாளிகள் போட்டியிட்டுக் கொண்டு கிடங்குகளையெல்லாம் களங்களாக மாற்றினர். நோய் தணிந்தது, ஜனங்கள் பழைய பழக்கங்களுக்குத் திரும்பினர். களங்களோ தேவைக்கு மிஞ்சியிருந்தன. வாடகையும் மின்சாரக் கட்டணமும் கழுத்தை நெரித்தன. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் பல கம்பெனிகள் திவாலாயின. இத்தனை செலவுக்குப் பின்னும் உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களில் ஸ்வீடன் தேசத்தார் ஒருவர்கூட இடம்பெறவில்லை.

ஸ்வீடன் மக்களுக்குத் திறமை இல்லையென்று எவரும் சொல்லத் துணியார். டென்னிஸில் போர்க், விலாண்டர், எட்பர்க் ஆகிய மூவரையும் உலகுக்கு அளித்த நாடல்லவா அது? அவ்வீரர்கள் ஊர்தோறும் இருந்த சங்கங்களில், சிறு வயது முதற்கொண்டு பயின்று உருவானவர்கள். பேடலில் அந்த வழியைக் கைவிட்டு லாபத்தின் குறுக்கு வழியில் இறங்கியதே பிழை.

தனியார் முதல் இல்லாவிட்டால் களங்களே இரா என்று சிலர் வாதிக்கலாம். முதலை நாம் வெறுக்கவில்லை. எஞ்சிய மண்டபங்கள் இன்றும் பயன்படுகின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று களத்தை வாடகைக்கு விடுவோர்க்கு இன்றைய வரும்படியே கண்; பத்து வயதுச் சிறுவனைப் பதினைந்து ஆண்டு பயிற்றும் பொறுமை அவர்களிடம் ஏது? அந்தக் கடமை சங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் நகரசபைக்கும் உரியது.

2024 முதல் தொழில்முறைப் பேடலின் முதல்தரப் போட்டிகள் கத்தார் தேசத்து முதலின் ஆதரவில் ஒரே சுற்றின் கீழ் வந்துள்ளன. அப்போட்டிகளைத் தத்தம் நகருக்கு அழைக்கப் பல தேசங்கள் முந்துகின்றன. அழைக்கட்டும். ஆயினும் போட்டி என்பது கனி, வேர் அன்று. வேருக்கு நீர் வார்க்காமல் கனிக்குக் கை நீட்டுவோர், ஸ்வீடனில் மூடிக் கிடந்த மண்டபங்களை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக.