கம்பியை எண்ணிட்டு சக்கரம் வாங்குங்க

மலை சைக்கிள் ஓட்டுற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தா பேச்சு கிராம்லதான் ஆரம்பிக்கும். "என் வீல் இத்தனை கிராம்", "மாத்தினதுல முந்நூறு கிராம் கொறஞ்சுது" அப்படின்னு. நகைக்கடையில கூட இவ்வளவு கிராம் கணக்கு பேச மாட்டாங்க :-) நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனாத்தான் இருந்தேன். இப்ப இல்ல.

என் கட்சி இதுதான். மண்ணுலயும் கல்லுலயும் ஓட்டுறவன் சக்கரத்தோட எடையைக் கேக்கக் கூடாது. கம்பி எத்தனை, கட்டினது யாரு, ஒடைஞ்சா மாத்துக் கம்பி எங்க கிடைக்கும், இந்த மூணைத்தான் கேக்கணும்.

இந்த ஞானம் எனக்கு சும்மா வரல. தேன்கனிக்கோட்டை தாண்டி ஒரு மண்பாதை. என் எடை 91 கிலோ. சக்கரம், பழசா வாங்கின 24 கம்பி வீல். எட்டு மாசம் ஒரு கொறையும் சொல்ல முடியாது, பறந்துச்சு. அன்னிக்கு வறண்டு கிடந்த ஒரு ஓடையில கல்லு மேல எறக்கினேன். பின்னால 'டிங்'னு ஒரு சத்தம். நூறு அடி போறதுக்குள்ள இன்னொரு 'டிங்'. ரிம் கோணிக்கிச்சு, டயர் ஃபிரேம்ல உரசி சக்கரம் நின்னே போச்சு. மணி நாலரை. அது யானை நடமாடுற ஏரியா.

பின்சக்கரத்தைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஒன்பது கிலோமீட்டர் நடை. கூட வந்த நண்பரோட தம்பி, அவன் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, என்னை விட்டுட்டுப் போக மனசில்லாம அவனும் தள்ளிக்கிட்டே வந்தான். இருட்டுற நேரத்துல பக்கத்துல மூங்கில் முறியற சத்தம். கால் மணி நேரம் மூச்சு விடாம நின்னோம். மாடா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு என்னாகும்ங்கறதை விட, இந்தப் பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க வீட்ல என்ன பதில் சொல்றதுங்கறதுதான் அப்ப மண்டைக்குள்ள ஓடுச்சு. நான் மிச்சம் பிடிச்ச முந்நூறு கிராமுக்கு அவன் ஜாமீன்!

சரி, ஏன் ஒடைஞ்சுது? ஊருக்கு வந்து படிச்சுப் பார்த்தேன். சைக்கிள் சக்கரத்துல எல்லாக் கம்பியும் இழுத்துக் கட்டியிருக்கும். நாம ஏறி உக்காந்தா, தரைக்கு நேரா இருக்கற சில கம்பிகள்ல அந்த இழுவை கொறையும். சக்கரம் சுத்தினதும் திரும்ப ஏறும். ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-ல சைக்கிள் சக்கரத்துக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார், அதுல இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கார். 29 இஞ்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 430 தடவை சுத்தும். 20 கிலோமீட்டர் போனா ஒவ்வொரு கம்பியும் எட்டாயிரத்துச் சொச்சம் தடவை தளர்ந்து முறுகுது. ஒரு கம்பியைக் கையால முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா பட்டுனு ஒடையும்ல, அதே கதைதான். பெரும்பாலும் ஹப்புல மாட்டியிருக்கற அந்த வளைவுலதான் ஒடையும். அதாவது அன்னிக்கு அந்தக் கல்லு செஞ்சது கடைசிக் கையெழுத்து மட்டும். எட்டு மாசமா உள்ளுக்குள்ள தேஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

கம்பி அதிகமா இருந்தா பாரம் பங்காகும். ஒண்ணு போனாலும் மிச்சம் இருக்கறது ரிம்மை ஓரளவு நேரா பிடிச்சுக்கும், மெதுவா ஓட்டி வீடு வந்து சேரலாம். 24 கம்பியில அந்தக் கருணை கிடையாது. நம்ம ஊர் பழைய கருப்பு சைக்கிளை நினைச்சுப் பாருங்க. முன்னால 32 கம்பி, பின்னால 40. பால் கேன், நெல் மூட்டை, பின்னாடி ஒரு ஆளு, எல்லாத்தையும் சுமந்துச்சு. பாரம் எங்க விழுதோ அங்க கம்பியை ஏத்துன்னு கணக்குப் போட்டவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்காக 40 கம்பி தேடி அலைய வேண்டாம். இப்ப ரிம் ரெட்டைச் சுவரா வருது, அதுவே பெரிய பலம். என் சிபாரிசு 32 கம்பி, மூணு குறுக்குப் பின்னல். டிஸ்க் பிரேக்னா ஹப்பைப் பிடிச்சுத் திருகற வேகம் அப்படியே கம்பிக்குத்தான் போகும், அதனால குறுக்கில்லாத நேர் பின்னல் அங்க ஆகவே ஆகாது. கம்பியும் நுனியில 2 மில்லி, நடுவுல 1.8 மில்லின்னு நடுவுல இளைச்சதா வாங்குங்க. இளைச்சது எப்படி பலம்னு நானும் கேட்டேன். நடுப்பகுதி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கறதால, ஒடையற அந்த வளைவுல அடி கொறையுது. நிப்பிள் பித்தளையா இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம்.

விலை கொறைஞ்ச மலை சைக்கிள் வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல்சக்கரம் திருகி மாட்டற பழைய ஃப்ரீவீல் வகையா, கேசட் வகையான்னு கேளுங்க. ஃப்ரீவீல் வகையில வலது பக்க பேரிங் ரொம்ப உள்ள தள்ளி இருக்கும், ஆக்சில் கம்பி அந்த இடைவெளியில வளையும், சில சமயம் ஒடையும். ரிம் எவ்வளவு நல்லதா இருந்தாலும் அப்ப பிரயோஜனமில்ல.

அளவு சண்டைக்கு நான் வரல. 26 இஞ்ச்ல கம்பி குட்டை, சக்கரம் கெட்டி. 29 கல்லு மேல சுலபமா ஏறும். ஆனா 26-க்கு நல்ல ரிம் தேடறதே இப்ப ஒரு வேலை, அதனால 29-ம் 32 கம்பியும்னு சமாதானமாயிட்டேன். கார்பன் ரிம்மா? பலம்தான், ஒத்துக்கறேன். ஆனா அலுமினியம் நெளிஞ்சா மிதிச்சு, தட்டி வீடு வரைக்கும் ஓட்டிடலாம். கார்பன் நெளியாது, விரியும். என் பர்ஸும் கூடவே விரியும்!

கடைசியா, யார் கட்டறாங்கங்கறது. என் பழைய வீல்ல இருந்தது வளைவில்லாத தனி ரகக் கம்பி, எந்தக் கடையிலயும் கிடைக்கல. ஊர்ல சைக்கிள் கடை பாய்கிட்ட கொண்டு போனேன். அவர் அதை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "தம்பி, ஒருத்தன் விழுந்தா பக்கத்துல தாங்க ஆள் வேணாமா? இதுல பக்கத்து ஆளே காணமே"ன்னார். ரெண்டு நாள்ல 32 கம்பி வாங்கிக் கொடுத்தேன், அவரே பின்னினார். மீட்டர் எதுவும் இல்ல. பின்னினதும் ரெண்டு ரெண்டு கம்பியாப் பிடிச்சு கையால அழுத்தினார், முறுக்கு எல்லாம் விட்டுது. அப்புறம் ஒவ்வொரு கம்பியாச் சுண்டி சத்தம் கேட்டே கோட்டம் எடுத்தார். கூலி சொல்லும்போது அவர்தான் சங்கடப்பட்டார், நான் இல்ல.

ரெண்டு வருஷம் ஆச்சு, அதே பாதை, அதே ஓடை. ஒரு கம்பி கூட போகல. பாய்க்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல, கடை பாதி நேரம் பூட்டித்தான் இருக்கு. உங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருப்பார். அடுத்த வீலை இணையத்துல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, அவர் கடை இன்னும் திறந்திருக்கான்னு ஒரு எட்டு போய்ப் பாருங்க.

டிஸ்கி: புதுசாக் கட்டின சக்கரத்தை நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை திரும்ப கோட்டம் பார்க்கணும். பாய் சொன்னது. சோம்பல் படாதீங்க.